திரை சுழியம் காட்டினால் நம்பலாமா? மின்னோட்ட, மின்னழுத்த டிரான்ஸ்டியூசரைத் தேர்ந்தெடுக்கும் முறை



என் பெரியண்ணன் பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேனாக வேலை செய்கிறார். ஆலையின் மின்பலகைகளும் மோட்டார்களும் அவர் பொறுப்பில் உள்ளன. அவர் சொன்ன ஒரு நிகழ்ச்சியோடு இந்த வாரப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

வேகவைத்த செம்பனைப் பழங்களைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் திருகு இயந்திரத்தை ஆலையில் 'பிரஸ்' என்பார்கள். ஒருநாள் கட்டுப்பாட்டு அறைத் திரையில் மூன்றாம் பிரஸ் மோட்டாரின் மின்னோட்டம் திடீரென 0 ஆம்பியர் என்று காட்டியது. மோட்டார் நின்றுவிட்டது, உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்த மேற்பார்வையாளர், அடைப்பை எடுக்கும்படி ஒரு தொழிலாளிக்குச் சொல்லிவிட்டார். வரிசையாகப் பல இயந்திரங்கள் ஓடும் அந்த இரைச்சலில் எது ஓடுகிறது, எது நின்றது என்று காதால் அறிய முடியாது.

தொழிலாளி மூடியைத் திறக்கும் முன் அண்ணன் வழக்கம்போல மின்பலகைக்குச் சென்றார், சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட. பலகையில் இருந்த பழைய முள் அம்மீட்டர் 40 ஆம்பியர் காட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது! திரைக்குத் தகவல் கொண்டுபோகும் சிறு கம்பி, அதிர்வினால் திருகிலிருந்து கழன்றிருந்தது. அவ்வளவுதான் கோளாறு.

"ஸ்கிரீன்ல கோசோங்னு காட்டுச்சுன்னா மோட்டார் நின்னுடுச்சுன்னு அர்த்தம் இல்ல, தம்பி. அந்தக் கோசோங் எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல கேக்கணும்," என்றார் அண்ணன்.

அந்தக் கேள்விதான் இன்றைய பாடம். ஒரு தொழிற்சாலையில் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளக்கும் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அது காட்டும் சுழியத்தை எப்போது நம்பலாம்? படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிக்கும் மின்னியலும் மின்காந்தவியலும் இதற்குப் போதும். பாடநூலில் 'அருஸ்' என்பது இங்கே மின்னோட்டம். 'வோல்தான்' என்பது மின்னழுத்தம். 'ரிந்தாங்ஙான்' என்பது மின்தடை.

டிரான்ஸ்டியூசர் என்ன செய்கிறது?

ஆலையைக் கட்டுப்படுத்தும் கணினியைப் பி.எல்.சி. என்பார்கள். அது சிறிய மின்குறிப்புகளை மட்டுமே வாங்கிக்கொள்ளும். மோட்டாருக்குச் செல்லும் 55 ஆம்பியரையோ 400 வோல்ட்டையோ நேராக அதனுள் செலுத்தினால் எரிந்துவிடும். பெரிய மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும், அவற்றுக்கு நேர்விகிதத்தில் அமைந்த சிறிய, பாதுகாப்பான குறிப்பாக மாற்றித் தருவதே டிரான்ஸ்டியூசரின் வேலை.

பிரஸ் இயந்திரத்துக்கு இந்த அளவு ஏன் தேவை? பழத்தை அதிகமாக அழுத்தினால் உள்ளே இருக்கும் கொட்டைகள் உடைந்துவிடும். குறைவாக அழுத்தினால் நாரிலேயே எண்ணெய் தங்கிவிடும். திருகின் மேல் சுமை கூடும்போது மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் கூடும். ஆகவே ஆம்பியரைப் பார்த்தே அழுத்தம் சரியா என்று அறியலாம். மின்னோட்டம்தான் அந்த இயந்திரத்தின் நாடித்துடிப்பு.

கடைக்குப் போய் "ஒரு டிரான்ஸ்டியூசர் கொடுங்கள்" என்று கேட்க முடியாது. முதலில் நாம் ஐந்து கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும்.

கேள்வி 1: மாறுதிசையா, நேர்திசையா?

இதுதான் முதல் கேள்வி. இதில் தவறினால் மற்ற எதுவும் சரியாக அமையாது.

மாறுதிசை மின்னோட்டத்தை, அதாவது ஏ.சி.யை, அளக்கப் பெரும்பாலும் பயன்படுவது மின்னோட்ட மின்மாற்றி. சுருக்கமாகச் சி.டி. என்பார்கள். இது ஓர் இரும்பு வளையம். அதன்மேல் மெல்லிய கம்பி பல சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். மோட்டாருக்குச் செல்லும் தடித்த கம்பி வளையத்தின் நடுவே புகுந்து செல்லும். அப்படி ஒருமுறை புகுந்தால் அது ஒரு சுற்று. முதன்மைச் சுற்றுகளை முதன்மை மின்னோட்டத்தால் பெருக்கினால், அது துணைச் சுற்றுகளைத் துணை மின்னோட்டத்தால் பெருக்கியதற்குச் சமம். 100 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைக்க வேண்டுமென்றால் 1 × 100 = 20 × 5. ஆகவே துணைச் சுருளில் 20 சுற்றுகள் வேண்டும்.

சி.டி. வேலை செய்வது மின்காந்தத் தூண்டலால். காந்தப் பாயம் மாறிக்கொண்டே இருந்தால்தான் துணைச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பது ஃபாரடே விதி. நேர்திசை மின்னோட்டத்தின், அதாவது டி.சி.யின், காந்தப் பாயம் மாறாமல் நிற்கும். எனவே கம்பியில் 100 ஆம்பியர் டி.சி. ஓடினாலும் சி.டி. காட்டுவது சுழியம்தான். கருவி பழுதில்லை. அதனால் அதைப் பார்க்கவே முடியாது.

இன்று பல வீட்டுக் கூரைகளில் சூரிய ஒளித் தகடுகளைப் பார்க்கிறோம். தகடுகளிலிருந்து இறங்கி வருவது டி.சி. அந்தக் கம்பியில் ஏ.சி.யை மட்டுமே அளக்கும் கவ்வி மீட்டரை மாட்டினால் சுழியம் காட்டும். 'கம்பியில் ஒன்றும் இல்லை' என்று நம்பி ஒருவர் இணைப்பைக் கழற்றினால், தீப்பொறியும் அதிர்ச்சியும் காத்திருக்கும்.

ரயிலிலும் இதே வேறுபாடு உண்டு. கே.டி.எம். கொமுட்டர் ரயிலுக்கு மேலே உள்ள கம்பியில் வருவது 25,000 வோல்ட் ஏ.சி. காஜாங் தட எம்.ஆர்.டி.க்கும், சிங்கப்பூரின் வடக்கு-தெற்கு எம்.ஆர்.டி. தடத்துக்கும் தண்டவாளத்தின் அருகிலுள்ள மூன்றாம் தண்டவாளத்தில் வருவது 750 வோல்ட் டி.சி. மூன்றும் பயணிகள் ரயில்கள்தாம். ஆனால் முதல் ரயிலின் மின்வழங்கலை அளக்கும் சி.டி. மற்ற இரண்டின் டி.சி. வழங்கலுக்குப் பயன்படாது.

டி.சி.யை அளக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன.

முதலாவது, ஷண்ட் எனும் மிகச் சிறிய மின்தடை. மின்னோட்டத்தை அதன் வழியே செலுத்தி, அதன் குறுக்கே எழும் சில பத்து மில்லிவோல்ட்டை அளப்பார்கள். ஓம் விதி போதும். மலிவானது, துல்லியமானது. ஆனால் ஒரு குறை உண்டு. ஷண்ட் முதன்மைச் சுற்றோடு நேராக இணைந்திருக்கிறது. 600 வோல்ட் கம்பியில் அதை வைத்தால், அந்த மில்லிவோல்ட் குறிப்பும் தரையிலிருந்து 600 வோல்ட் உயரத்தில் நிற்கும். இடையில் மின்காப்புப் பிரிப்பு இல்லாமல் பி.எல்.சி.யோடு இணைக்கக் கூடாது.

இரண்டாவது, ஹால் விளைவு உணரி. 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க மாணவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதைக் காந்தப் புலத்தில் வைத்தபோது, மின்னோட்டத்துக்குக் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். காந்தப் புலம் மாறாமல் நின்றாலும் இந்த மின்னழுத்தம் இருக்கும். ஆகவே ஹால் உணரி டி.சி.யையும் பார்க்கும், ஏ.சி.யையும் பார்க்கும். கம்பியைத் தொடாமலேயே அளப்பதால் மின்காப்பும் கிடைத்துவிடும்.

எங்கள் பிரஸ் மோட்டார் ஓடுவது 50 ஹெர்ட்ஸ் ஏ.சி.யில். ஆகவே அதற்குச் சி.டி. வகை போதும்.

சி.டி.யின் ஆபத்தான குணம்

சாதாரண மின்மாற்றியின் துணைச் சுருளைத் திறந்து வைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் முதன்மையில் மின்னோட்டம் ஓடும்போது, 5 ஆம்பியர் வெளியீடுள்ள சி.டி.யின் துணைச் சுருளைத் திறந்துவிடக் கூடாது.

காரணம் லென்ஸ் விதியில் இருக்கிறது. துணை மின்னோட்டம் உருவாக்கும் காந்தப் பாயம், முதன்மையின் காந்தப் பாயத்தை எதிர்த்துச் சமன்செய்கிறது. துணைச் சுற்று திறந்தால் எதிர்ப்பு மறைந்துவிடும். ஆனால் முதன்மை மின்னோட்டம் குறையாது, ஏனெனில் அதைத் தீர்மானிப்பது மோட்டார். அந்த மின்னோட்டம் முழுவதும் இரும்பைக் காந்தமாக்கப் பாயும். அப்போது திறந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழக்கூடும். அதனால்தான் அம்மீட்டரைக் கழற்றும் முன் சி.டி.யின் இரு முனைகளையும் குறுக்கிணைப்பார்கள். அதன் துணைச் சுற்றில் ஃபியூஸ் போடுவதும் இல்லை.

டிரான்ஸ்டியூசர் சிலவற்றில் சி.டி.யும் மின்னணுச் சுற்றும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். வெளியே வருவது சிறு குறிப்பு மட்டுமே. அந்தக் கம்பி கழன்றாலும் உயர் மின்னழுத்தம் எழாது. புதிதாக அமைக்கும்போது பலர் இவ்வகையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி 2: எவ்வளவு மின்னோட்டம்?

பிரஸ் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 30 கிலோவாட், 400 வோல்ட், 55 ஆம்பியர் என்று பொறிக்கப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். எந்த அளவு வீச்சுள்ள டிரான்ஸ்டியூசரை வாங்குவது?

"பெரியதாக இருந்தால் பாதுகாப்பு, 500 ஆம்பியர் வாங்கிவிடலாம்" என்று ஒருவர் சொல்லலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். கருவியின் பிழை முழு வீச்சில் 0.5 விழுக்காடு என்றால், 500 ஆம்பியர் கருவியில் பிழை 2.5 ஆம்பியர் வரை போகும். 100 ஆம்பியர் கருவியில் பிழை 0.5 ஆம்பியர்தான். கொட்டை உடைகிறதா, நாரில் எண்ணெய் தங்குகிறதா என்பதைச் சில ஆம்பியர் வேறுபாட்டில் அறிய வேண்டிய இடத்தில் இது பெரிய வித்தியாசம். கிலோவில் அளக்கும் மீன் தராசில் தங்க மோதிரத்தை நிறுக்க முடியுமா?

மிகச் சிறிய வீச்சும் கூடாது. 60 ஆம்பியர் வீச்சு வாங்கினால், சுமை கொஞ்சம் கூடியதும் கருவி உச்சத்தில் நின்றுவிடும். 65 ஆம்பியரா 90 ஆம்பியரா என்று தெரியாது. வழக்கமான அளவு வீச்சின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே அமைவது நல்லது. இங்கே 0 முதல் 100 ஆம்பியர் பொருந்தும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நேரடியாகத் தொடங்கப்படும் மோட்டார், தொடங்கும் சில நொடிகளில் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு அல்லது அதற்கு மேலும் இழுக்கும். 55 × 6 = 330 ஆம்பியர். அதை அளந்து காட்ட வேண்டியதில்லை. ஆனால் தாங்க வேண்டும். கருவியின் தகவல் தாளில் எவ்வளவு மிகைச்சுமையை எத்தனை நொடி தாங்கும் என்று போட்டிருக்கும். வாங்கும் முன் அந்த வரியைப் படிக்க வேண்டும்.

கேள்வி 3: அலையின் வடிவம் என்ன? எவ்வளவு வேகம் வேண்டும்?

நம் வீட்டுக்கு வரும் ஏ.சி. ஏறக்குறைய சைன் அலை. மலிவான சில டிரான்ஸ்டியூசர்கள் அலையின் சராசரியை அளந்து, அது சைன் அலைதான் என்று வைத்துக்கொண்டு 1.11 ஆல் பெருக்கிப் பயனுறு மதிப்பைக் காட்டும். அலை சைனாக இருக்கும்வரை விடை சரி.

ஆனால் இன்று பல மோட்டார்களின் வேகத்தை இன்வெர்ட்டர் கட்டுப்படுத்துகிறது. இன்வெர்ட்டருக்குள் செல்லும் மின்னோட்டம் சைன் வடிவில் இருக்காது. கூரான மேடுகளும் இடைவெளிகளும் கொண்டிருக்கும். அங்கே சராசரிக் கருவி தவறான எண்ணைக் காட்டும். அவ்விடத்தில் உண்மைப் பயனுறு மதிப்பைக் கணக்கிடும் கருவி வேண்டும். தகவல் தாளில் 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று எழுதியிருக்கும்.

பெரிய, கூரான மின்னோட்டங்களுக்கு ரோகோவ்ஸ்கி சுருளும் உதவும். 1912-இல் ஜெர்மன் இயற்பியலாளர் வால்டர் ரோகோவ்ஸ்கி விளக்கிய இந்தச் சுருளில் இரும்பு இல்லை. இரும்பு இல்லாததால் காந்தத் தெவிட்டலும் இல்லை. பாம்பைப் போல வளைத்துக் கம்பியைச் சுற்றி மாட்டலாம். இதுவும் தூண்டலால் இயங்குவதால் டி.சி.யைப் பார்க்காது.

வேகமும் முக்கியம். பிரஸ் இறுகிக்கொண்டதா என்று அறிய, அரை நொடிக்குள் பதில் தரும் கருவி போதும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரைக் காப்பாற்ற அது போதாது. மைக்ரோ நொடிகளில் பதில் தரும் ஹால் உணரி அங்கே தேவை. வேகமான கருவி விலை அதிகம். தேவையில்லாத இடத்தில் வேகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி 4: மின்னழுத்தத்தையும் அளக்க வேண்டுமா?

மலேசியாவில் மின்வழங்கலின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட், மூன்று ஃபேஸில் 400 வோல்ட். அது 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம். அதாவது 400 வோல்ட் என்பது 376 முதல் 440 வரை இருக்கலாம். ஆகவே 0 முதல் 400 வோல்ட் டிரான்ஸ்டியூசரை வாங்கினால் 440 வோல்ட்டைக் காண முடியாது. 0 முதல் 500 வோல்ட் சரியான தேர்வு.

ஆம்பியர் மட்டும் போதாதா? மோட்டார் அதே வேலையைச் செய்ய ஏறக்குறைய அதே திறன் வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் கூடும். 400 வோல்ட்டில் 55 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், மற்றவை மாறாமலிருந்தால், 376 வோல்ட்டில் 55 × 400 ÷ 376, அதாவது ஏறக்குறைய 58.5 ஆம்பியர் இழுக்கும். ஆம்பியரை மட்டும் பார்ப்பவர், பழம் அதிகமாக அழுத்தப்படுகிறது என்று தவறாக நினைப்பார். செம்பனை ஆலைகள் நாரையும் ஓட்டையும் எரித்து, நீராவியால் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்குகின்றன. அங்கே இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

400 வோல்ட்டை அளக்கத் தொடர் மின்தடைகளால் பிரித்துக் குறைத்து, மின்காப்புடன் குறிப்பாக மாற்றலாம். 11,000 வோல்ட் போன்ற உயர் மின்னழுத்தத்தை முதலில் மின்மாற்றியால் 110 வோல்ட்டாகக் குறைத்துவிட்டுப் பிறகு அளப்பார்கள். எந்த வழியானாலும், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மின்காப்பு எத்தனை வோல்ட்டைத் தாங்கும் என்பதைத் தகவல் தாளில் பார்த்தே வாங்க வேண்டும்.

கேள்வி 5: குறிப்பு எந்த வடிவில் வர வேண்டும்?

இப்போது அண்ணனின் ஆலைக்குத் திரும்புவோம். அங்கிருந்த டிரான்ஸ்டியூசர் 0 முதல் 10 வோல்ட் வரை குறிப்பு அனுப்பும் வகை. 0 ஆம்பியருக்கு 0 வோல்ட், 100 ஆம்பியருக்கு 10 வோல்ட். மோட்டார் நின்றாலும் 0 வோல்ட். கம்பி கழன்றாலும் 0 வோல்ட். இரண்டு வேறு நிலைகளுக்கு ஒரே குறிப்பு. கோளாறு அங்கேதான்.

இதற்கு ஓர் எளிய தீர்வு உண்டு. அதுதான் 4 முதல் 20 மில்லியம்பியர் குறிப்பு. மோட்டாரில் 0 ஆம்பியர் என்றால் கம்பியில் 4 மில்லியம்பியர் ஓடும். 100 ஆம்பியர் என்றால் 20 மில்லியம்பியர் ஓடும். இடையிலுள்ள 16 மில்லியம்பியரை 100 ஆல் வகுத்தால், ஓர் ஆம்பியருக்கு 0.16 மில்லியம்பியர்.

மோட்டாரில் 55 ஆம்பியர் ஓடினால் குறிப்பு: 4 + 55 × 0.16 = 12.8 மில்லியம்பியர். பி.எல்.சி.யின் நுழைவாயிலில் 250 ஓம் மின்தடை வைத்தால், ஓம் விதிப்படி 0.0128 × 250 = 3.2 வோல்ட்.

கம்பி அறுந்தால் 0 மில்லியம்பியர். இது 4-க்கும் கீழே. இது மோட்டார் நின்றதால் வந்த சுழியம் இல்லை என்று பி.எல்.சி. உடனே அறிந்து எச்சரிக்கை ஒலிக்கும். பொறியாளர்கள் இதை 'உயிருள்ள சுழியம்' என்கிறார்கள். நாமூர் எனும் அமைப்பின் என்.இ. 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 மில்லியம்பியர் வரை உண்மையான அளவு. 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் அது கோளாறு.

இன்னொரு நன்மையும் உண்டு. தொடர்ச்சுற்றில் எந்த இடத்திலும் மின்னோட்டம் ஒன்றே. கம்பி நீளமானாலும் 12.8 மில்லியம்பியர் 12.8-ஆகவே போய்ச் சேரும். பக்கத்து மோட்டார்க் கம்பிகள் தூண்டும் இரைச்சலாலும் இது எளிதில் கெடாது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. சுற்றுக்கு 24 வோல்ட் வழங்கல் என்றும், டிரான்ஸ்டியூசர் இயங்கக் குறைந்தது 12 வோல்ட் தேவை என்றும் கொள்வோம். மீதி 12 வோல்ட். 20 மில்லியம்பியர் ஓட வேண்டுமானால் மொத்த மின்தடை 12 ÷ 0.020 = 600 ஓமுக்கு மேல் போகக் கூடாது. 200 மீட்டர் தொலைவுக்குப் போய்த் திரும்பும் 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை 1.72 × 10⁻⁸ × 400 ÷ (0.75 × 10⁻⁶), ஏறக்குறைய 9 ஓம். பி.எல்.சி.யின் 250 ஓமையும் சேர்த்தால் 259 ஓம். 600-க்குள் இருக்கிறது. கவலையில்லை.

நான்கு சுழியங்கள்

இப்போது அண்ணன் கேட்ட கேள்விக்கு வருவோம். திரையில் தெரியும் சுழியம் எங்கிருந்தெல்லாம் வரலாம்?

ஒன்று, ஓடுவது டி.சி., அளப்பது சி.டி. அதாவது தவறான வகைக் கருவி.

இரண்டு, குறிப்பு கொண்டுபோகும் கம்பி கழன்றிருக்கிறது. உயிருள்ள சுழியம் இதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று, மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்துவிட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், மீதி இரண்டு ஃபேஸில் அதிக மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு தொடர்ந்து ஓடலாம். நம் ஒரே டிரான்ஸ்டியூசர் அறுந்த ஃபேஸில் மாட்டப்பட்டிருந்தால் சுழியம்தான் தெரியும். இங்கே 4 மில்லியம்பியர் சரியாகவே வரும். ஆகவே முக்கியமான மோட்டார்களில் மூன்று ஃபேஸையும் அளப்பது நல்லது.

நான்கு, மின்னோட்டம் உண்மையாகவே சுழியம். மோட்டார் நின்றுவிட்டது. ஆனால் கம்பியில் மின்னழுத்தம் இன்னும் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவர்ப் பிளக்கில் எதையும் செருகாதபோது மின்னோட்டம் சுழியம். அதற்காக அதனுள் விரலை வைப்பீர்களா? 230 வோல்ட் அங்கே காத்திருக்கிறது.

ஒரு சுழியத்துக்குப் பின்னால் நான்கு கதைகள். நல்ல தேர்வு முதல் மூன்றை அடையாளம் காட்டும். நான்காவதை எந்த மின்னோட்டக் கருவியாலும் தீர்க்க முடியாது. டிரான்ஸ்டியூசர் என்பது ஆலையை ஓட்டுவதற்கான கருவி. மனிதன் கையை உள்ளே விடலாம் என்று அனுமதி தரும் கருவி அன்று.

அந்த அனுமதிக்கு வேறு வழி உண்டு. சுவிட்சை அணைக்க வேண்டும். பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை அட்டை தொங்கவிட வேண்டும். பிறகு மின்னழுத்தச் சோதனைக் கருவியால் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக் கருவியையும், மின்சாரம் இருப்பது உறுதியான ஓரிடத்தில் முன்னும் பின்னும் சோதித்துக்கொள்ள வேண்டும். அன்று ஒரு தொழிலாளியின் கையைக் காப்பாற்றியது புதிய கருவி இல்லை. பூட்டுப் போடாமல் திறக்கக் கூடாது என்ற பழக்கம்தான்.

பிரஸ் மோட்டாருக்கு நம் தேர்வு

ஏ.சி. என்பதால் சி.டி. வகை. 0 முதல் 100 ஆம்பியர் வீச்சு. தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கும் திறன். பின்னாளில் இன்வெர்ட்டர் வரக்கூடும் என்றால் உண்மைப் பயனுறு மதிப்பைக் காட்டும் வகை. மூன்று ஃபேஸுக்கும் ஒவ்வொன்று. மின்னழுத்தத்துக்கு 0 முதல் 500 வோல்ட், மின்காப்புடன். வெளியீடு 4 முதல் 20 மில்லியம்பியர். அண்ணனின் ஆலையிலும் பிறகு 4 முதல் 20 மில்லியம்பியர் வகைக்கு மாற்றினார்கள். பழைய முள் அம்மீட்டரை மட்டும் அவர் கழற்ற விடவில்லை.

முயன்று பாருங்கள்

1. 0 முதல் 100 ஆம்பியர் டிரான்ஸ்டியூசர் 8.8 மில்லியம்பியர் அனுப்புகிறது. மோட்டாரின் மின்னோட்டம் என்ன?

2. மேலே கண்ட 24 வோல்ட் சுற்றில் 250 ஓம் கொண்ட பி.எல்.சி.யோடு, 250 ஓம் கொண்ட இரண்டு காட்டிகளையும் தொடராக இணைத்துவிட்டார்கள். கம்பி 9 ஓம். சுற்று காட்டக்கூடிய உச்ச ஆம்பியர் எவ்வளவு?

3. 10 ஆம்பியர் மோட்டாருக்கு, கைவசம் இருப்பது 0 முதல் 50 ஆம்பியர் சி.டி. வகை டிரான்ஸ்டியூசர் மட்டுமே. வேறொன்று வாங்காமல் துல்லியத்தைக் கூட்ட என்ன செய்யலாம்?

4. பி.எல்.சி.க்கு 2 மில்லியம்பியர் வருகிறது. மோட்டார் நின்றுவிட்டதா?

விடைகள்

1. (8.8 − 4) ÷ 0.16 = 30 ஆம்பியர்.

2. மொத்த மின்தடை 759 ஓம். 12 ÷ 759 = 15.8 மில்லியம்பியருக்கு மேல் ஓடாது. ஆகவே ஏறக்குறைய 74 ஆம்பியரோடு அளவு நின்றுவிடும். 90 ஆம்பியர் ஓடினாலும் திரை 74 என்றே சொல்லும். கருவி சுழியத்தில் மட்டுமன்றி உச்சத்திலும் பொய் சொல்லலாம் என்பதைக் கவனியுங்கள்.

3. மோட்டார்க் கம்பியை வளையத்துக்குள் நான்கு முறை நுழைக்கலாம். 4 சுற்றுகள் × 10 = 40 ஆம்பியராக அது தெரியும். வீச்சு இப்போது 0 முதல் 12.5 ஆம்பியர். பி.எல்.சி.யிலும் அதை மாற்றி எழுத மறக்கக் கூடாது.

4. தெரியாது. 3.6-க்குக் கீழே வருவது கோளாறு. மோட்டார் ஓடுகிறதா, நின்றதா என்பதை இந்தக் குறிப்பை வைத்துச் சொல்லவே முடியாது. 'தெரியாது' என்று சொல்லத் தெரிந்த கருவியே நல்ல கருவி.

மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம், மாணவர்களே.